திருவனந்தபுரத்தில் ஆறு பேருக்கு ஒரே நம்பர்

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். என் சளி அப்படியில்லை. போன வருஷம் அது திருவனந்தபுரத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்து, குளிர்பெட்டியில் தங்கி, பெரிய பெரிய டாக்டர்களோடு பழகி, இந்த வருஷம் ரிசல்ட்டும் வாங்கிவிட்டது. அந்த ரிசல்ட்டைக் கேட்கத்தான் வள்ளியூரிலிருந்து கிளம்பிப் போனேன். பிள்ளையின் மார்க்கைக் கேட்கப் போகிற அப்பனைப் போலத்தான்.

விஷயம் இதுதான். என் அக்கா பார்வதியைக் கட்டிக்கொடுத்தது கணேசன் அத்தானுக்கு. அவருக்குத் திருவனந்தபுரத்தில், சாலை என்கிற பழைய கடைவீதியில், வத்தல் மிளகாய் மொத்த வியாபாரம். நான் அவர்கள் வீட்டில் தங்கி, அவர் கடையில் மூன்று வருஷம் வேலை பார்த்தேன். அப்போது எனக்கு டிபி வந்தது. ஆறு மாசம் மாத்திரை தின்றேன், சரியாகிவிட்டது. ஆனால் நான் மாத்திரை தின்ற நாலாவது மாசத்தில் அக்கா இரும ஆரம்பித்தாள். அவளுக்கும் அதே. ரெண்டு வயசுக் குழந்தைக்கு முன்கூட்டியே மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

அத்தான் அன்றைக்குச் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். "வீட்டுக்குள்ள கொண்டுவந்துட்டியே மாப்ள."

திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். அவர் திட்டவில்லை. என் மாத்திரை முடிந்த மறுநாளே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன். எட்டு மாசமாக அந்தப் பக்கம் தலை வைக்கவில்லை. அக்கா போன் பண்ணுவாள். நான் ரெண்டு கிண்டல் அடித்துவிட்டு டவர் இல்லை என்று வைத்துவிடுவேன்.

அப்புறம் சிந்து கூப்பிட்டாள். எனக்கு மாத்திரை கொடுத்த சுகாதாரப் பணியாளர். பாறசாலைக்காரி. அவள் தமிழில் பாதி மலையாளம், மலையாளத்தில் பாதி அதட்டல்.

"சுடலே, டாக்டர் உங்களைக் காணணும்னு பறஞ்சு. உங்க கிருமியையும் அக்காவோட கிருமியையும் ஒத்து நோக்கியிருக்கு."

"போன்லயே சொல்லுங்களேன்."

"அய்யோ, போன்ல பறயக் கூடாது கேட்டோ. நேரா வரணும்."

முதல் நாள்

திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டாண்டில் இறங்கியபோது மழை. ஊர் முழுக்கக் குடையும் கையுமாக, எந்தப் பதற்றமும் இல்லாமல் நடந்து போனது. வள்ளியூரில் இந்த அளவு மழை பெய்தால் ஆளுக்கொரு வீடியோ எடுத்திருப்போம்.

ஓட்டலில் புட்டும் கடலையும் சொன்னேன். பக்கத்திலேயே, குடிக்க, மூலிகை போட்டுக் கொதிக்கிற சிவப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தார்கள். எட்டு மாசத்தில் மறந்துபோய் மடக்கென்று குடித்தேன். நாக்கு வெந்தது. எதிரே ரெண்டு பேர் பேப்பரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துவைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்கள். "நீ இதை வாசிச்சியா? முழுசா வாசி. அப்புறம் என்னிடம் தர்க்கம் பண்ணு" என்றார் ஒருவர். எங்கள் ஊரில் வாசிக்காமலே சண்டை போட்டுவிடுவோம். நேரம் மிச்சம்.

அக்கா வீடு மணக்காட்டில். கிழக்கேகோட்டையில் விழிஞ்ஞம் பஸ்ஸில் ஏறி மணக்காடு என்று டிக்கெட் எடுத்தேன். மணக்காடு வந்தது. கண்டக்டர் அம்மா ஸ்டாப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆட்கள் இறங்கினார்கள். நான் எழவில்லை. தூங்கிவிட்டேன் என்று சொன்னால் நம்புவீர்கள், ஆனால் தூங்கவில்லை. மணியடித்தது, பஸ் கிளம்பிவிட்டது.

நாலு ஸ்டாப் தள்ளி அந்த அம்மா கண்டுபிடித்துவிட்டார். "மணக்காட்டுக்காரன்தானே நீ? இங்கே எந்தா காரியம்?"

"கடல் பார்க்கலாம்னு, சேச்சி."

"அப்போ அதுக்கும் டிக்கெட் எடுக்கணும்."

விழிஞ்ஞத்தில் இறங்கிக் கடலைப் பார்த்தேன். ஒருபுறம் மீன் வள்ளங்கள், மறுபுறம் புதுத் துறைமுகத்தின் ராட்சச கிரேன்கள். மீன்காரம்மா ஒருத்தி என்னை மேலும் கீழும் பார்த்து, "மீன் வேணுமா, இல்ல சும்மா நிக்குதியா?" என்றாள். சும்மா நிற்கிறேன் என்றேன். "அப்போ தள்ளி நில்லு, ஆளு வருது" என்றாள். சும்மா நிற்பதற்கும் ஊரில் இடம் இல்லை. திரும்பிப் பஸ் ஏறினேன்.

அக்கா வாசலில் நின்றாள். நன்றாகச் சதை பிடித்திருந்தாள். நான் கேட்டுக்கு வெளியே மாஸ்க்கை மாட்டிக்கொண்டு நின்றேன்.

"எலே, அங்க நின்னு என்ன பாக்க? கரண்டு மீட்டர் பாக்க வந்தவன் மாதிரி?"

"இல்லக்கா, குழந்தை இருக்கே..."

"உனக்குச் சரியாகி எத்தனை மாசம் ஆச்சு? எனக்கும் முடிஞ்சுது. அந்தக் கோமணத்தை மூஞ்சியிலருந்து அவுருடா முதல்ல."

அவிழ்த்தேன். ஆனால் வராண்டா சேரைத் தாண்டி உள்ளே போகவில்லை. குழந்தை கனி என்னை அடையாளம் தெரியாமல் அக்கா சேலைக்குள் புகுந்துகொண்டது. அத்தான் சாயங்காலம் வந்தார். "வந்தியா" என்றார். "வந்தேன்" என்றேன். அவர் குளிக்கப் போனார். எங்கள் எட்டு மாசப் பேச்சு இத்துடன் முடிந்தது.

ரெண்டாம் நாள்

மூன்று பேரும் டாக்டரைப் பார்க்க ஆட்டோவில் போனோம். அக்கா நடுவில். அந்தப் பக்கம் அத்தான் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தார். இந்தப் பக்கம் நானும் அதே மழையைப் பார்த்தேன்.

டாக்டர் ஷீபா சின்ன உருவம், பெரிய கண்ணாடி. மலையாளத்தில்தான் பேசினார். நான் தமிழில் தருகிறேன்.

"சுடலை, கிருமிக்கு உள்ளே அதன் ஜாதகம் மாதிரி ஒரு நீளமான எழுத்து வரிசை இருக்கிறது. அதில் சில குறிப்பிட்ட இடங்களில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும். சிலதில் ரெண்டு தடவை, சிலதில் அஞ்சு தடவை. ஒவ்வொரு இடத்திலும் எத்தனை தடவை என்று எண்ணி வரிசையாக எழுதினால் ஒரு நம்பர் கிடைக்கும்."

"லாட்டரி டிக்கெட் மாதிரியா?"

டாக்டர் சிரித்தார். "அதே. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கிருமி போனால் நம்பர் மாறாது. ரெண்டு பேருக்கு நம்பர் வேறு வேறு என்றால், அவர்களுக்குள் பரவவில்லை. இந்த நகரத்தில் எங்களுக்குக் கிடைத்த எல்லாச் சளியையும் இப்படி எண்ணி, எது எதோடு சேர்கிறது என்று பார்க்கிறோம்."

பிறகு ரெண்டு காகிதத்தை எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது உங்கள் நம்பர். இது அக்காவுடையது. வாசியுங்கள்."

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் நம்பர் வாசிக்க எட்டாவது போதும். முதல் எண் ரெண்டிலும் ஒன்றாகத்தான் இருந்தது. ரெண்டாவது வேறு. மூன்றாவது வேறு. நாலாவது ஒன்று. அதற்கப்புறம் விரலை வைத்து வைத்துப் போனேன். வேறு, வேறு, வேறு.

"ஒட்டவே ஒட்டாது" என்றார் டாக்டர். "உங்களிடமிருந்து அக்காவுக்கு வரவில்லை. அக்காவின் நம்பர் இந்த ஊரில் எங்களிடம் உள்ள யாரோடும் சேரவில்லை. அப்படித் தனியாக நின்றால் பெரும்பாலும் வேறு ஊரில் பிடித்ததாக இருக்கும். இல்லாவிட்டால் வருஷக்கணக்கில் உடம்புக்குள் தூங்கிக் கிடந்து இப்போது எழுந்ததாக இருக்கும். வீட்டில் முன்பு யாருக்காவது இருந்ததா?"

அக்கா மெதுவாகச் சொன்னாள். "எங்க அப்பாவுக்கு. எனக்கு அப்ப ஏழு வயசு. இவன் பொறக்கல. அப்பா அடுத்த ரூமுல ராத்திரிபூரா இருமுவாங்க."

"அதுவாக இருக்கலாம். உறுதியாகச் சொல்ல அவருடைய சளி என்னிடம் இல்லை."

அப்புறம் அக்கா என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது, வாய் மட்டும் எங்கள் குடும்ப வாய். "பாத்தியாலே. அப்பா சொத்துல எனக்கு மட்டும்தான் பங்கு வந்திருக்கு. உனக்கு ஒண்ணும் கிடையாது."

நான் சிரித்தேன். சிரிப்பு முடிகிற இடத்தில் அழுகை மாதிரி ஏதோ வந்தது. எட்டு மாசமாக நெஞ்சில் ஒரு வத்தல் மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்பது அதை இறக்கி வைத்த பிறகுதான் தெரிந்தது. அத்தான் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் முடியவில்லை" என்றார் டாக்டர். "சுடலை, உங்கள் நம்பர் தனியாக நிற்கவில்லை. உங்களையும் சேர்த்து இந்த ஊரில் ஆறு பேருக்கு அதே நம்பர். பேர் சொல்ல மாட்டேன். எல்லாரும் சாலை பக்கம், ஆனால் வேறு வேறு கடை, வேறு வேறு வீடு. நோய் வந்தபோது யார் யாரோடு பழகுகிறீர்கள் என்று லிஸ்ட் வாங்கினோமே, அதில் ஒருத்தர் லிஸ்டில்கூட இன்னொருத்தர் பேர் இல்லை. ஆறாவது ஆள் ரெண்டு மாதத்துக்கு முன்புதான் வந்தார். அப்படியென்றால் எங்கேயோ ஒருத்தர் மருந்து சாப்பிடாமல் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறார். நீங்கள் ஆறு பேரும் எங்கே சேர்ந்தீர்கள்?"

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை. ஆனால் பக்கத்தில் அத்தான் உட்கார்ந்திருந்தார்.

போன வருஷம் அந்த லிஸ்ட் எழுதியபோதும் இதே கதைதான். சிந்து கடைக்கே வந்து கேட்டாள், அத்தான் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வீட்டில் மூணு பேர், கடையில் ரெண்டு பேர் என்று சொல்லி முடித்துவிட்டேன். மற்ற அஞ்சு பேரும் அவரவர் முதலாளி முன்னால் அப்படித்தான் முடித்திருப்பார்கள்.

டாக்டர் என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். "சார் கொஞ்சம் வெளியே இருக்கிறீர்களா?"

"வேண்டாம் டாக்டர்" என்றேன். அன்றைக்கு எனக்கு எதற்கும் பயமில்லை. "கேரம் ரூம்."

"எந்த ரூம்?"

"சாலையில ஒரு வத்தல் குடோனுக்கு மாடியில. மத்தியானம் கடையில கூட்டம் இல்லாதப்ப நாங்க பத்துப் பதினஞ்சு பேரு அங்க கேரம் ஆடுவோம்."

அத்தான் நிமிர்ந்தார். "அப்போ வாரத்துல மூணு நாளு வசூலுக்கு நெய்யாற்றின்கரை பார்ட்டியப் பாக்கப் போறேன்னு போனியே?"

"பாதி தூரம் போவேன் அத்தான்."

அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "கூறுகெட்டவனே, அந்த ரூமு சாலையில எந்த முதலாளிக்கு தெரியாது? நாங்க தெரியாத மாதிரி இருக்கோம்ங்கறதுதான் உங்களுக்குத் தெரியாது. போன வருஷமே நீ எழுதிக் கொடுத்திருந்தா நான் ஒரு வார்த்தை சொல்லியிருப்பேனா?"

"ரெண்டு வார்த்தை சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்" என்று ஒத்துக்கொண்டார். அக்கா சிரித்துவிட்டாள்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குள்ளே உட்கார்ந்து சாப்பிட்டேன். சம்பா அரிசிச் சோறு, சொதி, அப்பளம். அத்தான் மன்னிப்புக் கேட்கிற ஆள் இல்லை. என் இலைக்கு இன்னொரு அப்பளம் வைத்தார். "நெய்யாற்றின்கரை பார்ட்டிக்கு ஒரு ஆள் போகணும். முழு தூரமும்" என்றார்.

மூணாம் நாள்

சிந்துவைக் கூட்டிக்கொண்டு கேரம் ரூமுக்குப் போனேன். பழவங்காடியில் ஆட்டோவை நிறுத்தி, சாலைக்குள் நடந்து, மூட்டைகளுக்கு நடுவில் ஒரு மர ஏணி ஏறணும். சிந்து மேலே வந்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஜன்னல் எவிட?"

இருந்தது. ஆணி அடித்திருந்தது. கீழே மிளகாய் காம்பு கிள்ளுகிற தூசி மேலே வரும், அதற்காக அடைத்தது.

"அப்போ ஃபேன்?"

அதுவும் இருந்தது. யாரும் போடுவதில்லை. கேரம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும், ஃபேன் போட்டால் பலகையில் தூவிய பவுடர் பறந்துவிடும், காய் ஓடாது. அடைத்த அறையில் பதினைந்து பேர், ஒரே பலகையின் மேல் குனிந்துகொண்டு, ஒருத்தன் விட்ட மூச்சை இன்னொருத்தன் இழுத்துக்கொண்டு. சிந்து நெற்றியில் அடித்துக்கொண்டாள். "நம்பர் ஆறு பேரோட நின்னது அதிசயம்."

"இருமல் உள்ளவங்க யாரு?" என்று எல்லாரையும் பார்த்துக் கேட்டாள். பதினைந்து பேரும் கை தூக்கினார்கள். மிளகாய்க் குடோனில் இருமாதவன் யார்? அதுதான் எங்கள் கோளாறு. நானும் மூணு மாசம் வத்தல் நெடி என்றே இருமிக்கொண்டிருந்தேன்.

"சரி. ஞாயிற்றுக்கிழமை லீவுல வீட்டுல இருக்கறப்பவும் இருமுறது ஆரு?"

இதற்கு மூன்று கை. அதில் ஒன்று தாசண்ணன் கை.

தாசண்ணன் மூட்டைச் சுமடு எடுக்கிறவர். களியக்காவிளைப் பக்கம். நாற்பது வயசு. சாலையில் அவரைக் கேரமில் ஜெயித்தவன் கிடையாது. முன்னே ரெண்டு மூட்டையைச் சேர்த்துத் தூக்குவார். இப்போது சட்டை அவர் மேல் தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு சீக்கும் இல்ல பிள்ளே. வத்தல் காந்தல்" என்றார் சிந்துவிடம்.

"ஞாயிற்றுக்கிழமையுமா சேட்டா?"

அவர் ஸ்ட்ரைக்கரைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். சிந்து மூன்று பேருக்கும் மூடி போட்ட டப்பா கொடுத்தாள். காலையில் எழுந்ததும் வருகிற முதல் சளி. "கொண்டு வரலன்னா நானே வீட்டுக்கு வருவேன்" என்று ஒரு அதட்டலும் கொடுத்தாள்.

நாலாம் நாள்

காலையிலேயே தாசண்ணன் தங்கியிருந்த இடத்துக்குப் போய் அவரை இழுத்துக்கொண்டு வந்தேன். டப்பாவை இறுக மூடி, ரெண்டு கவரில் சுற்றி, அவருடைய சாப்பாட்டுப் பையில் வைத்தோம். பஸ்ஸில் கூட்டம். இரும மாட்டேன் என்று வாயைப் பொத்திக்கொண்டு அவர் படிக்கட்டுப் பக்கம் காற்றில் நின்றார். பை என் கையில்.

உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து இரக்கப்பட்டார். நிற்கிறவன் பையை உட்கார்ந்திருப்பவர் மடியில் வாங்கிக்கொள்வது இந்த ஊர் மரியாதை, எங்கள் ஊரிலும் உண்டு. "பேக் இங்க தா மோனே."

"வேண்டாம்மா."

"எந்தா உள்ளே?"

"கறி. சிந்திரும்."

"சிந்தாது. நான் நேரே பிடிச்சுக்கிடுவேன்" என்று பிடுங்கிக்கொண்டார். அடுத்த ஏழு ஸ்டாப்பும் தாசண்ணனின் சளி அந்த அம்மா மடியில், ரெண்டு கை அணைப்பில், பிறந்த பிள்ளை மாதிரி பயணம் செய்தது. இறங்கும்போது, "நல்லா மூடி வச்சிருக்கு, மணமே இல்ல" என்று பாராட்டினார். நான் கும்பிட்டு வாங்கிக்கொண்டேன்.

சுகாதார நிலையத்தில் டப்பாவை ஒரு மிஷினில் வைத்தார்கள். ரெண்டு மணி நேரம். வெளியே மரத்தடி பெஞ்சில் நானும் அவரும் ஆளுக்கொரு ஓரம். பால் விடாத கட்டன் சாயா, பழம்பொரி என்கிற நேந்திரம்பழ பஜ்ஜி. அவர் பழம்பொரியைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார், கடிக்கவில்லை.

சிந்து வந்து அவரைத் தனியாக உள்ளே கூப்பிட்டாள். அவர் திரும்பி, "நீயும் வா மக்கா" என்றார்.

இருந்தது. டிபிதான், ஆனால் மருந்துக்குக் கட்டுப்படுகிற வகை, ஆறு மாசத்தில் சரியாகும் என்றாள் சிந்து. மற்ற ரெண்டு பேருக்கும் இல்லை. கேரம் ரூமில் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுக்கப்போகிறார்கள், ஜன்னல் ஆணியை இன்றைக்கே பிடுங்கச் சொல்லியாயிற்று. தாசண்ணன் அதையெல்லாம் கேட்ட மாதிரி தெரியவில்லை.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"உனக்கும் மத்த அஞ்சு பேருக்கும் எனக்க கிட்டேந்துதான் வந்ததா, லே?"

அந்தக் குரலை எனக்குத் தெரியும். எட்டு மாசம் எனக்குள்ளேயே கேட்ட குரல். இதற்கு நான் பதில் தயாராக வைத்திருந்தேன். முந்தின நாள் ஏணி இறங்கும்போதே சிந்துவிடம் கேட்டு வைத்தது.

"உங்க நம்பர் வர இன்னும் பல வாரம் ஆகும்ண்ணே. வந்து, எங்க நம்பரும் அதுவும் ஒண்ணாவே இருந்தாலும், ஒரே கிருமின்னு மட்டும்தான் சொல்லும். யாரு யாருக்குக் குடுத்தாங்கன்னு நம்பர் சொல்லாது. நான்கூட உங்களுக்குக் குடுத்திருக்கலாம்."

"சும்மா பறயாத."

"சிந்துட்ட கேளுங்க."

வாசலில் நின்ற சிந்து, "சரிதான் சேட்டா. நம்பர் வச்சு அது பறய முடியாது" என்றாள்.

தாசண்ணன் என்னை நன்றாகத் திரும்பிப் பார்த்தார். மேலிருந்து கீழே ஒரு தடவை. "நீயா? மூணு வருஷமா எனக்க கூட ஆடி ஒரு ரெட்டு போட உனக்குக் கழிஞ்சதில்ல. நீ எனக்குத் தந்தியாம்!"

சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்தது. முகத்தை மரத்துப் பக்கம் திருப்பி, துண்டை வாயில் பொத்திக்கொண்டு இருமினார். முடிந்ததும் பழம்பொரியை ஒரு கடி கடித்தார்.

சிந்து தண்ணீரும் முதல் நாள் மாத்திரையும் கொண்டுவந்தாள். அவர் ஒவ்வொன்றாக விழுங்கினார். நான் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, காதோரம் சொன்னேன்.

"அண்ணே, ஒரு விஷயம். இனிமே ஒண்ணுக்குப் போறப்ப ஆரஞ்சு கலர்ல வரும். பாத்துட்டு அலறி ஊரைக் கூட்டிராதீங்க. நான் அலறிட்டேன்."

"நீ அலறுனியா?"

"அத்தான் கதவை உடைச்சுட்டாரு."